ஊருக்குப் பறக்கிறீர்களா? நெரிசலான விமான நிலையங்களைக் கடக்க ஒரு வழிகாட்டி

விடுமுறைக் காலத்தில் விமானம் மாறி ஊருக்குப் போகிறவர்களுக்காக, அதிலும் முதல் சில பயணங்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டம் அலைமோதும் விமான நிலையத்தில் ஒரு சந்தேகம் வந்தால் நின்று பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் "அந்தக் கவுன்ட்டரில் கேளுங்கள்" என்பார். அந்தக் கவுன்ட்டரில் "நீங்கள் டிக்கெட் வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்பார்கள். இப்படி அலைக்கழிந்த பிறகு ஒன்று எனக்கு உறைத்தது: அங்கே படும் பாட்டில் பெரும்பகுதி டிக்கெட் எடுக்கும் நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் டிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன். அவசரப்பட்டு அந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

1. ஒரே பதிவா, தனித்தனிப் பதிவா?

விலை பார்த்துத் தேடும்போது, இரண்டு விமானங்கள் சேர்ந்த பயணம் ஒன்று மற்றவற்றைவிடக் கணிசமாக மலிவாகத் தெரியும். பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு விமானங்களும் ஒரே பதிவில் இருக்கின்றனவா? பதிவு எண் என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட பி.என்.ஆர். பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது கைநழுவினாலும் உங்களை வேறு விமானத்தில் ஏற்றி ஊர் சேர்க்கும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பெட்டியும் பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும்.

தனித்தனிப் பதிவு என்றால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது விமானத்தைப் பற்றிக் கவலையில்லை. இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதே தெரியாது. எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர் இரண்டு பதிவுகளையும் ஒரே தாளில் அழகாக அச்சடித்துக் கொடுத்திருந்தார். முதல் விமானம் கிளம்பும் முன் ஓடுபாதை அருகே நெடுநேரம் நின்றுவிட்டது. இடையில் இறங்கி, குடியேற்றப் பிரிவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி புறப்பாட்டுப் பகுதிக்கு ஓடி வந்தபோது செக்-இன் மூடியிருந்தது. அந்த நிறுவனத்தின் கணக்கில் நான் வராத பயணி. டிக்கெட் செல்லாது, அன்றைய விலையில் புதிது வாங்க வேண்டியதுதான். முகவரைக் கூப்பிட்டால், "அது வேறு டிக்கெட் ஆயிற்றே" என்றார். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

கண்டுபிடிப்பது எளிது. பதிவுத் தாளில் இரண்டு பி.என்.ஆர். இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" (விமானம் மாறுவது உங்கள் பொறுப்பு) என்ற சொற்கள் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். சில சமயம் இரண்டு நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு ஒரே டிக்கெட்டில் இரண்டு பி.என்.ஆர். தருவதும் உண்டு. அப்போது டிக்கெட் எண்ணைப் பாருங்கள்: 13 இலக்க எண் இரண்டு விமானங்களுக்கும் ஒன்றாக இருந்தால் பயமில்லை.

ஒரே டிக்கெட்டில் விமானம் மாற எவ்வளவு நேரம் வேண்டும்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்று நேரம் என்று ஒன்று வகுத்திருக்கிறார்கள். அதற்குக் குறைவான இடைவெளியில் டிக்கெட் விற்கமாட்டார்கள். ஆனால் எல்லாம் சொன்ன நேரத்தில் நடந்தால் மட்டுமே அந்த நேரம் போதும். விடுமுறைக் கூட்டத்தில் பன்னாட்டுப் பயணத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் எடுப்பதில்லை. தனித்தனிப் பதிவுதான் வேறு வழியில்லை என்றால், அரை நாளாவது விடுங்கள். இரவு தங்கி மறுநாள் கிளம்புவது இன்னும் நல்லது. மிச்சமான பணத்தில் விடுதிச் செலவைக் கழித்துப் பாருங்கள். பல நேரம் மிச்சமே இருக்காது. பயணக் காப்பீடு எடுத்திருந்தால், தனித்தனி டிக்கெட்டில் விமானம் தவறினால் பணம் தருவார்களா என்பதையும் விதிமுறையில் படித்துவிடுங்கள்.

இன்னும் மூன்று கண்ணிகள் இங்கேயே இருக்கின்றன. முதலாவது, ஒரே ஊர், வெவ்வேறு விமான நிலையங்கள். லண்டனில் இறங்குவது ஹீத்ரோவாகவும் ஏறுவது காட்விக்காகவும் இருக்கலாம். நியூயார்க்கில் கென்னடியும் நுவார்க்கும், டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும், இஸ்தான்புல்லில் புதிய நிலையமும் சபிஹா கோக்சென்னும் அப்படித்தான். ஊர் பெயரை நம்பாமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். இரண்டாவது, போகவர எடுத்த டிக்கெட்டில் முதல் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு நடுவில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு கட்டத்தில் வராவிட்டால் மீதிப் பயணம் முழுவதையும், திரும்பி வரும் விமானம் உட்பட, பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். மூன்றாவது, முகவரிடம் வாங்கினால் அவருடைய பதிவு எண்ணும் விமான நிறுவனத்தின் பதிவு எண்ணும் வேறாக இருக்கலாம். நிறுவனத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய தளத்தில் போட்டுப் பார்த்து, உங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் நீங்களே சேர்த்துவிடுங்கள். நேரமாற்றச் செய்தி முகவரின் மின்னஞ்சல் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்கு என்ன பயன்?

2. தேதி, பெயர்

விமானம் 15-ஆம் தேதி 00:25-க்கு என்றால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. நீண்டதூர விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவது மிகச் சாதாரணம். ஒருமுறை செக்-இன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற குடும்பத்தைப் பார்த்தேன்: பெட்டிகளில் வண்ண ரிப்பன், பிள்ளைகள் கையில் பொம்மைகள், பெரியவர் நெஞ்சோடு அணைத்த கோப்பு. கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், பிறகு மெல்லிய குரலில், "உங்கள் விமானம் நேற்று இரவே போய்விட்டது" என்றார். டிக்கெட் வந்த அன்றே, எந்தக் கிழமை மாலையில் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும் என்று எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம் என்பதையும் மனத்தில் வையுங்கள். அழைத்துப் போக வருகிறவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் சின்னச் சின்ன அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். கணினி படிப்பது அதைத்தான். அதில் குடும்பப்பெயருக்கு உரிய இடத்தில் எது, இயற்பெயர் இடத்தில் எது என்று பார்த்து அப்படியே நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் என்ன நிரப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிலர் அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு குறிப்புச் சொல் கேட்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் அவர்களையே கேட்டுவிடுங்கள். ஓர் எழுத்துப் பிழையைப் பல நிறுவனங்கள் திருத்திக் கொடுக்கும். முழுப் பெயர் மாற்றம் பல நேரம் புது டிக்கெட் விலைக்கு வந்துவிடும்.

3. ஆவணங்கள்

பாஸ்போர்ட்: பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மட்டுமல்ல, திரும்பி வரும் நாளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பாருங்கள். நீங்கள் வாழும் நாட்டின் குடியிருப்பு அட்டை அல்லது விசா ஊரில் இருக்கும்போது காலாவதியாகிவிட்டால் திரும்பும் விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

இடையில் இறங்கும் நாட்டின் விசாதான் பலரும் கோட்டைவிடும் இடம். "வெளியே போகப் போவதில்லையே, விசா எதற்கு?" என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பன்னாட்டு மாற்றுப் பகுதி என்று தனியாக இல்லை. அங்கே விமானம் மாறுகிறவரும் குடியேற்றப் பிரிவைக் கடந்தாக வேண்டும். அதற்கு உரிய விசாவோ மின்னணு அனுமதியோ வேண்டும். ஐரோப்பாவில் பொது விசா முறை கொண்ட ஷெங்கன் நாடுகள் சில குடியுரிமைக்காரர்களிடம் விமான நிலைய மாற்று விசா என்று தனியாகக் கேட்கின்றன. தனித்தனிப் பதிவு எடுத்தவருக்குச் சிக்கல் இரட்டிப்பு. பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க நாட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைய விசா வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள்.

இதையெல்லாம் கவுன்ட்டர் ஊழியர் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. டிமாட்டிக் என்ற தகவல் தளத்தில் குடியுரிமை, வழி, சேருமிடம் மூன்றையும் தட்டிப் பார்க்கிறார்கள். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்துக்கு அபராதம் விழும், அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு. உங்கள் ஆவணம் சரியாக இருந்தும் ஊழியர் மறுத்தால், குரலை உயர்த்தாமல் "டிமாட்டிக்கில் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்போதும் தீராவிட்டால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும். 2 வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துப் போகலாம். ஊரில் இருக்கும்போது 2 வயது முடிந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் கடிதம் வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை வாரம் வரை அனுமதி என்பதை நிறுவனத்திடம் கேளுங்கள்.

எல்லாவற்றையும் தாளில் ஒரு படி எடுத்து வையுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். நெரிசலில் இணையம் இழுத்துக்கொண்டு நிற்கும், மின்கலம் தீரும்.

4. பெட்டி கட்டுதல்

முதலில் உங்கள் டிக்கெட்டில் அனுமதி எடைக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று பாருங்கள். "30 கிலோ" என்று இருந்தால் மொத்த எடை. "2 பெட்டி, தலா 23 கிலோ" என்று இருந்தால் ஒன்றில் 28, மற்றொன்றில் 18 என்று வைத்துக்கொண்டு நியாயம் பேச முடியாது. எந்தக் கணக்காக இருந்தாலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக வாங்கமாட்டார்கள். தூக்கிப் போடும் தொழிலாளர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. கூடுதல் எடைக்கு முன்கூட்டியே இணையத்தில் பணம் கட்டினால் கவுன்ட்டரில் கட்டுவதைவிடக் குறைவு. கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கும் சிறு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

செக்-இன் வரிசையின் ஓரத்தில் எப்போதும் ஒரு குடும்பம் தரையில் பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் திணிப்பார்கள், அது நிறைந்ததும் கோட்டுக்கு மேல் கோட்டாகப் போட்டுக்கொள்வார்கள். யாருக்கு வாங்கிய பரிசு என்ன என்பது அந்த இடத்தில் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிடும். பார்க்கிற எல்லாருக்கும் சிரிப்பு வரும், ஆனால் யாராவது ஒருவர் தன் பையில் இடம் இருக்கிறது என்று ஒரு பிளாஸ்டிக் பையையோ கயிற்றையோ நீட்டுவார். விமான நிலையத்தில் எனக்குப் பிடித்த காட்சிகளில் அது ஒன்று. ஆனால் ஒன்றில் உறுதியாக இருங்கள்: முன்பின் தெரியாதவர், "இந்தச் சின்னப் பொட்டலத்தை மட்டும் உங்கள் கணக்கில் கொண்டுபோங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அதில் என்ன இருந்தாலும் சட்டத்தின் முன் அது உங்கள் பொருள்.

பவர் பேங்க் கட்டாயம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அதன் அளவு 100 வாட்-மணி வரை தடையில்லை. 100-லிருந்து 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. மேலே மில்லி ஆம்பியர்-மணி (mAh) மட்டும் எழுதியிருந்தால், 20,000 என்பது ஏறத்தாழ 74 வாட்-மணி, 27,000 என்பது ஏறத்தாழ 100. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையும் இப்போது பல நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன. ஏறும் முன்பே கைப்பேசியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: மருந்துகள் மருத்துவர் சீட்டோடு, ஒரு மாற்றுத் துணி, வீட்டுச் சாவி, நகை, மூலச் சான்றிதழ்கள், கண்ணாடி. இவற்றில் எதுவும் பெட்டியில் போகக் கூடாது. நிறைந்த விமானங்களில் கடைசி நேரத்தில், ஏறும் வாசலிலேயே "மேலே இடமில்லை" என்று கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து மூன்றையும் எடுத்துவிட வேண்டும். பின்னால் வரிசை நிற்கும், ஊழியர் அவசரப்படுத்துவார். ஆகவே இந்த மூன்றையும் ஆரம்பத்திலிருந்தே ஒரு சிறு துணிப்பைக்குள் போட்டுக் கைப்பையின் மேலாக வையுங்கள். ஒரே இழுப்பில் வந்துவிடும்.

பழைய பயணத்தின் டேக், பார்கோடு ஒட்டுகள் எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள். இயந்திரம் பழையதைப் படித்தால் பெட்டி பழைய ஊருக்குப் போகும். பெட்டிக்கு உள்ளேயும் பெயர், தொலைபேசி எண் எழுதிய தாள் ஒன்று வையுங்கள். திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசிப் பகுதியில் தெரியும்.

5. எப்போது கிளம்புவது?

பின்னாலிருந்து எண்ணுங்கள். கேட் பெரும்பாலும் விமானம் கிளம்ப 15 முதல் 20 நிமிடம் முன்பே மூடிவிடும். பன்னாட்டு விமானங்களில் பெட்டி வாங்குவதை 60 நிமிடம் முன் நிறுத்துவது வழக்கம். சிலர் அதற்கும் முன்பே. பெரிய நிலையங்களில் சோதனை முடிந்த இடத்திலிருந்து கேட் வரை நடக்கவே 20 நிமிடம் ஆகலாம், சிலவற்றில் இடையில் ரயிலும் ஏற வேண்டும். பன்னாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன் என்பது வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் அல்ல, கவுன்ட்டர் வரிசையில் நிற்க வேண்டிய நேரம். அதைவிட ரொம்ப முன்னதாகப் போயும் பயனில்லை, கவுன்ட்டர் திறந்திருக்காது.

இணையச் செக்-இன் 24 அல்லது 48 மணி நேரம் முன் திறக்கும். திறந்ததும் செய்துவிடுங்கள். அளவுக்கு மேல் டிக்கெட் விற்ற விமானத்தில் கடைசியாக வருகிறவருக்குத்தான் இடம் இல்லாமல் போகும். வயதான அப்பா அம்மா தனியாக வருகிறார்கள் என்றால் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். பொதுவாகக் கட்டணம் கிடையாது. நாற்காலி தள்ளுகிறவர் குடியேற்றம், சோதனை, கேட் எல்லாவற்றையும் தாண்டிக் கொண்டுபோய் விடுவார். மொழி தெரியாதவருக்கு அது பெரிய துணை.

6. கவுன்ட்டரில் கேட்க வேண்டியவை

பெட்டி பட்டையில் நகர்வதற்கு முன் டேக்கைப் பாருங்கள். அதில் பெரிதாக இருக்கும் மூன்றெழுத்து நீங்கள் போய்ச் சேரும் ஊரின் குறியீடாக இருக்க வேண்டும். இடைநிலையத்தின் குறியீடு இருந்தால், "இங்கே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமா?" என்று அங்கேயே கேளுங்கள். டேக் கடைசி ஊருக்கே இருந்தாலும் சில நாடுகளில் முதலில் இறங்கும் இடத்தில் சுங்கத்துக்காகப் பெட்டியை எடுத்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்குள் வருகிறவர்களுக்குப் பொதுவாக இதுதான் விதி. எல்லாக் கட்டங்களுக்கும் போர்டிங் பாஸ் கேட்டு வாங்குங்கள். 10 இலக்க எண் உள்ள டேக் ரசீதைப் பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டியதும் அதையும் படம் எடுத்துவிடுங்கள். அந்த ஒட்டு எளிதில் உரிந்து விழுந்துவிடும்.

7. பாதுகாப்புச் சோதனை

திரவம் தலா 100 மில்லி லிட்டருக்குள், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையில். 2006 முதல் உலகம் முழுவதும் பரவிய விதி இது. புதிய ஸ்கேனர் வைத்த சில நிலையங்கள் இதைத் தளர்த்திவிட்டன. ஆனால் நீங்கள் விமானம் மாறும் இடத்தில் பழைய விதியே இருக்கலாம், ஆகவே பழைய விதிக்கே தயாராகுங்கள். பற்பசை, களிம்பு, தேன் எல்லாம் திரவக் கணக்கில்தான். பாதி காலியான 200 மில்லி புட்டியும் 200 மில்லிதான். குழந்தைப் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு, தனியாக எடுத்துக் காட்டுங்கள். தீர்வையற்ற கடையில் வாங்கிய புட்டியை முத்திரையிட்ட பையிலிருந்து வீடு சேரும்வரை வெளியே எடுக்காதீர்கள்.

8. கேட் அருகே

போர்டிங் பாஸில் இருக்கும் கேட் எண் மாறும். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் அறிவிக்காத நிலையங்கள் பல இருக்கின்றன. அரை மணிக்கு ஒருமுறை பலகையைப் பாருங்கள். அந்த நேரத்தில் கூட்டத்தையும் கொஞ்சம் ரசிக்கலாம். ஊழியர் ஒலிவாங்கியைத் தொட்டதுமே பாதிக் கூடம் எழுந்து வரிசையில் நின்றுவிடும். அவர் "இன்னும் அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு வைப்பார். அப்படியும் யாரும் உட்காரமாட்டார்கள். எதிரே தரையில் ஒரு மின்செருகியைச் சுற்றி ஐந்து நாட்டுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, பேச்சே இல்லாமல் முறை வைத்துக் கைப்பேசி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கைக்குழந்தையோடு தவிக்கும் தாயிடமிருந்து குழந்தையை வாங்கி நடைபோடும் யாரோ ஒரு பாட்டி எந்த ஊர் விமான நிலையத்திலும் இருக்கிறார். இந்த அலுப்பான மணி நேரங்களைத் தாங்கவைப்பது இவர்கள்தான்.

9. விமானம் தாமதமானால், ரத்தானால்

கவுன்ட்டர் வரிசையில் நில்லுங்கள். நின்றபடியே நிறுவனத்தின் தொலைபேசிக்கும் அழையுங்கள், செயலியையும் திறந்து பாருங்கள். மூன்றில் எது முதலில் கிடைக்கிறதோ அது. வரிசையில் நிற்கும்போதே மாற்று விமானம் எது என்று பார்த்து வைத்திருந்து, "இந்த எண் விமானத்தில் இடம் இருக்கிறது, அதில் போடுங்கள்" என்று கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கிறது.

செயலியில் "பணத்தைத் திரும்பப் பெறுக" என்ற பொத்தான் முதலில் கண்ணில் படும். ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்றால் அதை அழுத்தாதீர்கள். பணத்தை வாங்கிய கணமே உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு முடிந்துவிடுகிறது. நீங்கள் அன்றைய விலையில் புது டிக்கெட் தேட வேண்டியிருக்கும். மாற்று விமானம் கேளுங்கள். மறுநாள்தான் விமானம் என்றால் தங்குமிடமும் உணவும் கேளுங்கள், தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமும், ஒன்றியத்து நிறுவனத்தின் விமானமாக இருந்தால் உள்ளே வரும் விமானமும், 2004-இல் வந்த 261-ஆம் எண் விதிக்கு உட்பட்டவை. 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். புயல் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு இல்லை. அப்போதும் உணவும் தங்குமிடமும் தரத்தான் வேண்டும். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது இதற்காகவே.

10. பெட்டி வராவிட்டால்

பட்டை சுற்றுகிறது. ஒன்றுபோலவே இருக்கும் கறுப்புப் பெட்டிகளை ஆளாளுக்குப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவராகப் போகிறார்கள். கடைசியில் யாருடையதோ ஒரு குடையும், கட்டு அவிழ்ந்த அட்டைப்பெட்டியும் இரண்டு சுற்று வந்த பிறகு பட்டை நின்றுவிடுகிறது. வெளியே வரவேற்க வந்தவர்கள் காத்திருப்பார்கள், மனம் அங்கே ஓடும். ஆனாலும் சுங்கத்தைத் தாண்டி வெளியே போய்விடாதீர்கள். அதே கூடத்தில் லக்கேஜ் சேவை மேசை இருக்கும். உங்களைக் கடைசியாக ஏற்றிவந்த நிறுவனத்தின் மேசைக்குப் போய்ப் புகார் அறிக்கை பதிவு செய்யுங்கள். பி.ஐ.ஆர். என்று கேட்டால் புரியும். டேக் எண், பெட்டியின் படம், உள்ளே இருந்தவற்றின் படம் எல்லாம் இப்போது கைகொடுக்கும். அறிக்கையின் குறிப்பு எண் இல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து தரும்படி முகவரியும், ஊரில் பயன்படுத்தும் தொலைபேசி எண்ணும் கொடுங்கள். வாழும் நாட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு அதை அணைத்து வைத்தால் பெட்டி கிடங்கிலேயே கிடக்கும்.

பெட்டி வரும்வரை வாங்கும் துணி, அத்தியாவசியப் பொருள்களுக்கு ரசீது வையுங்கள். நியாயமான செலவைத் திரும்பக் கேட்கலாம். 1999-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு உட்பட்ட பன்னாட்டுப் பயணங்களில், பெட்டி 21 நாளுக்குள் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோரலாம். ஒரு பயணிக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர்.; பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கலகு அது, அன்றைய மதிப்பில் உங்கள் நாணயத்துக்கு மாற்றித் தருவார்கள். அந்த வரம்பைத் தாண்டிய மதிப்புள்ள பொருளை அனுப்பியே தீர வேண்டுமென்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டும் வசதி இருக்கிறது.

பெட்டி உடைந்து வந்தால் கூடத்திலேயே காட்டிப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கான செலவைக் கேட்க, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். மேசையில் பதிந்த அறிக்கையே கோரிக்கை ஆகிவிடாது. நிறுவனத்தின் தளத்தில் தனியாக எழுத வேண்டும். பதில் வரவில்லை என்று சோர்ந்துவிடாமல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருங்கள். வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவரை போர்டிங் பாஸ், டேக் ரசீது, கடைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.